நெல்லும் கிராபிஷும்: லூயிசியானாவின் உணவு வழக்கமும் இரண்டாம் மகசூலும்

ஒரு பிரதேசத்து மக்கள் உண்ணும் உணவு, அப்பிரதேசத்தின் நீர், நிலம், பருவம் ஆகியவற்றை ஒட்டி அமைவது இயல்பு. அவ்வுணவு வழக்கம் நாளடைவில் நிலத்தின் சாகுபடி முறையையே மாற்றிவிடுவதும் உண்டு. இதற்குத் தக்க உதாரணமாக விளங்குவது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியிலுள்ள லூயிசியானா ராஜ்யம். அங்குள்ள நெல் விவசாயிகள் பலர், கதிரறுத்த வயலிலேயே மீண்டும் நீர் கட்டி, கிராபிஷ் என்னும் நன்னீர்ப் பிராணியை வளர்த்து, ஒரே நிலத்திலிருந்து இரண்டு வருமானம் பெறுகின்றனர். முன்னொரு காலத்தில் ஏழைகளின் ஆகாரம் என்று இகழப்பட்ட இப்பிராணி, பெருநகர விருந்துகளில் இடம் பெற்ற வரலாறும், அதனை வயலில் வளர்க்கும் கிரமமும், அதில் நேர்ந்த இடையூறுகளும் நெல் பயிரிடும் எந்நாட்டாரும் அறியத்தக்கவை.

பிராணியின் இயல்பு

கிராபிஷ் என்பது இறாலுக்கும் நண்டுக்கும் இனமான ஓட்டுப்பிராணி. உருவத்தில் கடலிலுள்ள சிங்கி இறாலைச் சிறியதாகச் செய்து வைத்தாற்போல் இருக்கும். முன்புறம் இரண்டு பெரிய கொடுக்குகளும், பின்புறம் சதைப்பற்றுள்ள வாலும் உண்டு. லூயிசியானாவில் வியாபாரத்திற்கு வருபவை இரண்டு வகை. சதுப்பு நிலத்துச் சிவப்பு வகை ஒன்று. ஆற்று வெள்ளை வகை மற்றொன்று. இவற்றுள் சிவப்பு வகையே மிகுதியாகப் பிடிபடுவது.

இப்பிராணியின் வாழ்க்கை, அந்நாட்டு ஆறுகள் பெருகுவதையும் வற்றுவதையும் ஒட்டி அமைந்தது. கோடையில் நீர் வற்றத் தொடங்கியதும் இது மண்ணில் வளை தோண்டி உட்புகும். வளை பெரும்பாலும் 1 1/2 அடி முதல் 3 அடி வரை ஆழமிருக்கும். தோண்டிய சேற்றை வாயிலைச் சுற்றிப் புகைபோக்கி போல் அடுக்கி, பின்னர் வாயிலைச் சேற்றினால் அடைத்துக்கொள்ளும். வளையின் அடியில் தேங்கும் சிறிது நீரும் ஈரமுமே கோடை முழுவதும் இதன் உயிரைக் காப்பவை. நம் நாட்டு வயல் நண்டின் வளையை அறிந்த குடியானவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பெண் கிராபிஷ் அவ்வளைக்குள்ளேயே முட்டையிடும். முட்டைகள் வாலின் அடியிலுள்ள சிறு துடுப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்கு வளர்ந்த பெண் 500-க்கு மேற்பட்ட முட்டைகளையும் இடுவதுண்டு. குஞ்சுகள் பொரித்த பின்னும், இரண்டு முறை ஓடு கழற்றும் வரை, தாயை விட்டு அகலா. மழையினாலோ பாய்ச்சலினாலோ வளையின் அடைப்பு இளகியதும் தாய் குஞ்சுகளுடன் வெளிவரும். முதிர்ச்சி அடைவதற்குள் ஒரு கிராபிஷ் 11 முறையாவது ஓடு கழற்ற வேண்டும். நீரின் வெப்பமும் தீனியும் அனுகூலமாயிருப்பின் சில மாதங்களில் சந்தைக்கு ஏற்ற பருமனை எய்தும்.

கோடையில் வளை, இலையுதிர் காலத்தில் நீர், குளிர் காலத்திலும் வசந்தத்திலும் வளர்ச்சி என்னும் இம்மூன்றையும் மனத்தில் கொண்டால், நெல்லுடன் இது எவ்வாறு பொருந்திற்று என்பது எளிதில் விளங்கும்.

உண்ணும் வழக்கம் உண்டான விதம்

ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்னரே அந்நாட்டுப் பூர்விகக் குடிகள் கிராபிஷை உண்டு வந்தனர். ஹூமா என்னும் குலத்தார் சிவப்புக் கிராபிஷையே தங்கள் யுத்தச் சின்னமாகக் கொண்டிருந்தனர்.

இவ்வுணவை இன்று தம்முடைய அடையாளமாகக் கருதுவோர் கேஜன் என்னும் வகுப்பினர். இவர்களுடைய முன்னோர், கனடாவின் கீழ்க்கரையில் அகேடியா எனப்பட்ட பிரதேசத்தில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்கள். 1755-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயர் இவர்களை அந்நிலத்தினின்றும் அப்புறப்படுத்தினர். பல திசைகளிலும் சிதறிய குடும்பங்களுள் சில 1765-ஐ ஒட்டி லூயிசியானாவை அடைந்தன. 1785-இல் மேலும் சுமார் 1,600 பேர் பிரான்ஸிலிருந்து 7 கப்பல்களில் வந்து சேர்ந்தனர். அகேடியர் என்ற பெயரே திரிந்து கேஜன் என்றாயிற்று.

குளிர்ந்த கடற்கரையில் கோதுமை பயிரிட்டுக் கடல் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள், சதுப்பும் ஓடையும் நிறைந்த வெப்ப நாட்டில் புதிதாக வாழக் கற்க வேண்டியதாயிற்று. கைக்கு அகப்பட்டதை உண்ணப் பழகினர். அவர்களிடையே வழங்கும் ஒரு கதை இங்குக் குறிப்பிடத்தக்கது. அகேடியர் தாய்நாட்டை விட்டு நீங்கியபோது, அக்கரையிலிருந்த சிங்கி இறால்கள் பிரிவாற்றாமல் அவர்களைப் பின்தொடர்ந்து நீந்தினவாம். நெடும்பயணத்தில் மெலிந்து மெலிந்து, லூயிசியானாவை அடைந்தபோது கிராபிஷாகக் குறுகிவிட்டனவாம். இது கற்பனையே எனினும், ஓர் உணவை ஒரு சமூகம் எவ்வளவு தன்னுடையதாகக் கொண்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சமய ஆசாரமும் இதற்குத் துணை புரிந்தது. கேஜன் மக்கள் கத்தோலிக்கர். ஈஸ்டர் பண்டிகைக்கு முற்பட்ட தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் மாமிசம் விலக்குவர். மீனும் நீர்ப்பிராணிகளும் விலக்கப்பட்டவை அல்ல. கிராபிஷ் கொழுத்து மலிந்து கிடைப்பதும் அதே மாதங்களில்தான். ஆதலின் நோன்பும் விளைச்சலும் ஒரே பருவத்தில் கூடி, பெரிய வெள்ளிக்கிழமையன்று கிராபிஷ் அவிப்பது பல குடும்பங்களில் தவறாத வழக்கமாயிற்று.

சமைக்கும் முறைகள்

மிகவும் பிரசித்தமானது முழுதாக அவிக்கும் முறை. கிராபிஷ் உயிருடன் சாக்குகளில் வரும். ஒரு சாக்கு சுமார் 35 முதல் 40 ராத்தல் எடையுள்ளது. முதலில் நல்ல நீரில் பலமுறை அலசிச் சேறு போக்கி, இறந்தவற்றைப் பொறுக்கி எறிவர். முற்றத்தில் பெரிய அண்டாவை அடுப்பேற்றி, உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சை, பூண்டு, வெங்காயம் முதலியவற்றைப் போட்டு நீரைக் கொதிக்க வைப்பர். உருளைக்கிழங்கும் மக்காச்சோளக் கதிரும் அதிலேயே வேகும். கிராபிஷைக் கொட்டிச் சில நிமிஷங்கள் கொதித்ததும் அடுப்பை அணைத்து, காரம் உள்ளே ஏறும்படி அந்நீரிலேயே ஊற விடுவர். பின்னர் நீள மேஜையின்மீது செய்தித்தாள் விரித்து அனைத்தையும் குவிப்பர். உற்றாரும் அயலாரும் சூழ நின்று, வாலை முறுக்கிப் பிரித்து, ஓடு நீக்கி உண்பர். தட்டும் கரண்டியும் வேண்டா. கூடி உழைப்போர் கூடி உண்ணும் விருந்து இது.

மற்றொன்று எடூஃபே என்பது. வெண்ணெயில் வெங்காயம், குடமிளகாய், செலரிக்கீரைத் தண்டு ஆகியவற்றை வதக்கி, உரித்த வால் சதையைச் சேர்த்து, மூடி மெதுவாக வேக வைத்துச் சோற்றின்மேல் ஊற்றி உண்பர். பிஸ்க் என்னும் குழம்பில், சதையை அரைத்துத் தலையோட்டினுள் அடைத்து வேக வைப்பர். இவ்விரண்டும் சோற்றுடன் உண்ணத்தக்கவை. நெல் விளையும் நிலத்திலிருந்தே கிராபிஷும் வருவதால், சோறும் கறியும் ஒரே வயலின் பொருளாக அமைவது கவனிக்கத்தக்கது.

இகழப்பட்டது விலை பெற்ற வரலாறு

கிராபிஷ் வியாபாரத்தைக் குறித்த முதற்கணக்கு 1880-ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு பிடிபட்டது 23,400 ராத்தல். மதிப்பு 2,140 டாலர். 1908-இல் 88,000 ராத்தலும் 3,600 டாலரும் கணக்கிடப்பட்டன. சரக்கு ஏறக்குறைய நான்கு மடங்காகியும் வருமானம் இரண்டு மடங்காகவில்லை. ராத்தலுக்குச் சுமார் 9 சென்ட் கிடைத்த இடத்தில் 4 சென்டே கிடைத்தது. 1930-க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்திலும் விலை அந்நிலையிலேயே இருந்தது. விரைவில் கெட்டுப்போகும் பொருளுக்கு அண்டைக் கிராமத்துக்கு அப்பால் சந்தை இல்லையாயின், விளைவு பெருகப் பெருக விலை விழும் என்பதற்கு இது தெளிவான பாடம்.

பிற்பட்ட மாறுதலுக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, நல்ல சாலைகளும் குளிர்சாதன வசதியும் ஏற்பட்டு, பேட்டன் ரூஜ், நியூ ஆர்லியன்ஸ் முதலிய நகரங்களுக்குச் சரக்கு கெடாமல் செல்லலாயிற்று. இரண்டாவது, கயிற்றில் இரை கட்டிப் பிடிக்கும் பழைய முறை போய்க் கம்பிவலைக் கூடுகள் வந்தன. மூன்றாவது, வாலை உரித்துச் சதையாக விற்கும் தொழில் தோன்றி, பருவம் கடந்தும் சரக்கை வைத்து விற்க வழி உண்டாயிற்று.

இவற்றுடன் ஊர்ப்பெருமையும் சேர்ந்தது. ப்ரோ பிரிட்ஜ் என்னும் சிற்றூர் கிராபிஷின் தலைநகரம் என்று தன்னைக் கூறிக்கொண்டு, 1960 முதல் அதன் பெயரால் ஒரு விழாவை நடத்தி வருகிறது. 1983-இல் லூயிசியானா சட்டசபை, கிராபிஷை ராஜ்யத்தின் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. ஒரு காலத்தில் தம் வீட்டில் உண்பதை வெளியே சொல்ல நாணியவர்களின் பேரர், அதனையே கொடியில் எழுதி விருந்தினரை அழைக்கலாயினர்.

வயலுக்கு வந்த காரணம்

தொடக்கத்தில் கிராபிஷ் முழுதும் அச்சாபலாயா முதலிய ஆற்றுப் படுகைகளிலிருந்தே கிடைத்தது. ஆற்றில் வெள்ளம் மிகுந்த ஆண்டில் மிகுதியும், குறைந்த ஆண்டில் பஞ்சமும் ஏற்பட்டன. சந்தை விரிந்த பின் இந்த நிச்சயமின்மை பெருங்குறையாயிற்று. இதற்கிடையே நெல் விவசாயிகள் சிலர், அறுவடைக்குப் பின் வயலில் நீர் நிறுத்தினால் வீட்டுத் தேவைக்குக் கிராபிஷ் கிடைப்பதை அனுபவத்தில் கண்டிருந்தனர். 1950-இல் ராஜ்யத்தின் சட்டசபை, குளங்களில் கிராபிஷின் வாழ்க்கை முறையை ஆராயப் பொருளுதவி அளித்தது. 1960-க்குப் பின் சில ஆண்டுகளில் சுமார் 10,000 ஏக்கரில் இச்சாகுபடி நடைபெற்றது. இந்நூற்றாண்டில் அது 2 லட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது. சாதாரண ஆண்டுகளில் மொத்த மகசூல் 10 கோடி ராத்தலுக்கு மேற்பட்டது.

ஓர் ஆண்டின் வேலைக் கிரமம்

நெல்லும் கிராபிஷும் மாறி மாறி வரும் வயலில் வேலைகள் பெரும்பாலும் பின்வருமாறு நடைபெறும்.

மார்ச், ஏப்ரல்: நெல் விதைப்பு.

மே, ஜூன்: பயிர் 8 அங்குலத்துக்கு மேல் உயர்ந்து, நிலையான நீர் கட்டிய பின், ஏக்கருக்குச் சுமார் 50 முதல் 60 ராத்தல் தாய்க் கிராபிஷ் விடப்படும். இவை முதிர்ந்தவையாதலின் நெற்பயிரைக் குறிப்பிடும்படி சேதப்படுத்துவதில்லை.

ஜூலை, ஆகஸ்டு: அறுவடைக்காக நீர் மெதுவாக வடிக்கப்படும். வடிய வடியக் கிராபிஷ் வரப்புகளில் வளை தோண்டிக்கொள்ளும். அறுவடை இயந்திரம் மேலே செல்லுங்கால், அவை வளைக்குள் பத்திரமாக இருக்கும்.

ஆகஸ்டு, செப்டம்பர்: அறுத்த தாளுக்குச் சிறிது உரமும் ஈரமும் கொடுத்து மறுதாம்பு தழைக்கச் செய்வர்.

அக்டோபர்: வெப்பம் தணிந்ததும் வயலில் மீண்டும் நீர் கட்டப்படும். தாய்கள் குஞ்சுகளுடன் வெளிவரும்.

டிசம்பர் முதல் மே வரை: கூடு வைத்துப் பிடித்தல். உடனே நெல் விதைக்க வேண்டிய வயலில் வசந்தத்தின் தொடக்கத்திலேயே பிடிப்பதை நிறுத்தி நீர் வடிப்பர்.

இம்முறையின் சிறப்பு யாதெனில், கிராபிஷுக்குத் தனியாகத் தீனி வாங்கிப் போடுவதில்லை. மறுதாம்பின் தாளும் இலையும் சிறிது சிறிதாக நீரில் அழுகும்; அதில் நுண்ணுயிர்கள் பெருகும்; அவற்றைப் புழுக்களும் நத்தைகளும் சிறு பூச்சிகளும் உண்ணும்; இவை யாவும் கிராபிஷுக்கு ஆகாரமாகும். வயலில் வீணாகும் தாளே தீனிப் பண்டாரமாகிறது. ஆனால் அத்தாள் ஒரே சமயத்தில் அழுகிவிடாமல் வசந்தம் வரை நின்று உதவ வேண்டும். ஆகவே பசுமையான மறுதாம்பு, வெறும் வைக்கோலைக் காட்டிலும் மேலானது.

வரப்பும் நீரும்

இச்சாகுபடிக்கு நீரைத் தாங்கும் களிமண் நிலம் வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் வளை இடிந்துவிடும், நீரும் நில்லாது. கிராபிஷ் வளை தோண்டுவதால் மெல்லிய வரப்பு ஒழுகத் தொடங்கும். ஆதலின் வெளிவரப்பின் அடியகலம் 9 அடிக்குக் குறையலாகாது; உயரம் 3 அடியளவு இருத்தல் நலம்; வேரும் கட்டையும் வரப்பினுள் புதையாமல் நீக்கப்பட வேண்டும். வயலில் நிற்கும் நீர் பெரும்பாலும் 8 முதல் 18 அங்குலம்.

மிகவும் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய சமயம் அக்டோபர்ப் பாய்ச்சல். வெப்பம் தணியுமுன் நீர் கட்டினால், தாளெல்லாம் ஒருங்கே அழுகி நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். பிராணவாயு 10 லட்சத்தில் 2 பங்குக்குக் கீழே சென்றால் கிராபிஷ் துன்புறும். அவை தாளின்மேலும் வரப்பின்மேலும் ஏறி நிற்பதே முதல் அடையாளம். அப்பொழுது கெட்ட நீரை வடித்து, சல்லடை போன்ற தட்டுகளின் வழியே சிதறி விழுமாறு புதுநீர் பாய்ச்சுவர். நாள் கணக்கில் அவசரப்பட்டு முன்கூட்டி நீர் கட்டியவர், குஞ்சுகளை இழந்து ஆண்டு முழுவதும் வருந்த நேரும்.

பிடித்தலும் விற்றலும்

கூடுகள் முக்கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையால் கோபுர வடிவில் செய்யப்பட்டவை. அடியில் மூன்று வாயில்கள் உண்டு. உட்புகுவது எளிது, வெளிவருவது அரிது. மேற்பக்கம் நீருக்கு மேலே திறந்திருக்கும். ஏக்கருக்குச் சுமார் 10 முதல் 15 கூடுகள் வரிசையாக நடப்படும். குளிர் காலத்தில் மீன் துண்டும், நீர் வெப்பமடைந்த பின் தானியங்களினால் செய்த உருண்டையும் இரையாகும். சக்கரம் பூட்டிய தட்டைப் படகு வரிசைகளினூடே செல்லும். ஓட்டுபவரே ஒவ்வொரு கூட்டையும் எடுத்துக் கொட்டி, இரையிட்டு, மீண்டும் நாட்டுவார்.

மகசூல் ஏக்கருக்கு 400 முதல் 600 ராத்தல் வரை சாதாரணம்; நல்ல நிர்வாகத்தில் 1,000 ராத்தலும் கிடைப்பதுண்டு. ஆனால் இரைக்கும் ஆட்கூலிக்கும் ஆகும் செலவே செலவினங்களில் பெரும்பங்கு. ஆகவே எவ்வளவு பிடித்தோம் என்பதைவிட, ஒரு நாள் கூடு எடுப்பதற்கு ஆன செலவை அன்றைய விலை ஈடு செய்கிறதா என்று கணக்கிடுபவரே லாபம் காண்பர்.

உயிருள்ள சரக்கே நல்ல விலை பெறும். நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் கொடுத்தால் சாக்கிலேயே சில நாட்கள் உயிருடனிருக்கும். உரித்தால் 100 ராத்தலுக்குச் சுமார் 15 ராத்தல் சதையே தேறும். எனவே 500 ராத்தல் மகசூலைச் சதையாக மாற்றின் 75 ராத்தலளவே நிற்கும். கூலி கொடுத்து உரிப்பதற்கு முன் இக்கணக்கைப் பார்த்தல் அவசியம்.

நேர்ந்த இடையூறுகள்

இச்சாகுபடியின் வரலாறு முழுதும் வெற்றியே என்று எண்ணுதல் தவறு. நான்கு இடையூறுகள் குறிப்பிடத்தக்கவை.

பூச்சி மருந்து: கிராபிஷ் பூச்சிகளுக்குத் தூரத்து உறவுடையது. ஆதலின் பூச்சியைக் கொல்லும் மருந்து இதனையும் கொல்லக்கூடும். நெல்லின் வேரைத் தின்னும் நீர்க் கூன்வண்டைத் தடுக்க, 1999-இல் பிப்ரோனில் என்ற மருந்து பூசிய விதை லூயிசியானாவில் வழக்கத்திற்கு வந்தது. அதற்குப்பின் தம் வயல்களில் கிராபிஷ் மடிந்ததாக விவசாயிகள் வழக்குத் தொடர்ந்தனர். 2004-இல் 4 1/2 கோடி டாலர் நஷ்டஈட்டுடன் வழக்கு சமரசமாயிற்று. அம்மருந்தும் நெல் விதைக்கு விற்கப்படாது நின்றது. ஒரு பயிருக்கு நன்மையென்று கருதப்படும் மருந்து, அதே நீரில் வாழும் மற்றொரு மகசூலுக்கு விஷமாகலாம். அண்டை வயலில் தெளிக்கும் மருந்தும் காற்றினாலும் வாய்க்காலினாலும் வந்து சேரும்.

வெளிநாட்டுச் சரக்கு: 1990-க்குப் பின் சீனாவிலிருந்து உரித்து உறையவைத்த வால் சதை மலிந்த விலைக்கு வந்து குவிந்தது. உள்ளூர் உரிக்கும் சாலைகள் பல மூடப்பட்டன. 1997-இல் அமெரிக்க அரசாங்கம் அச்சரக்கின்மீது விசேஷ வரி விதித்தது. எனினும் லூயிசியானாவின் விவசாயிகளைத் தாங்கி நின்றது உயிருள்ள கிராபிஷை வாங்கி அவிக்கும் உள்ளூர் வழக்கமே. உறைந்த சதை கடல் கடந்து வரலாம். முற்றத்தில் அவிக்கும் சாக்கு அவ்வாறு வர இயலாது.

நோய்: இறாலை அழிக்கும் வெண்புள்ளி நோய்க் கிருமி 2007-இல் லூயிசியானாக் கிராபிஷிடமும் காணப்பட்டது. 1994-ஐ ஒட்டி இந்தியக் கீழ்க்கரை இறால் பண்ணைகளைப் பாழாக்கிய நோயும் இதுவே.

வறட்சி: 2023-ஆம் ஆண்டுக் கோடையில் லூயிசியானாவில் கடும் வெப்பமும் வறட்சியும் நேர்ந்தன. களிமண் வெடித்து, வளைகளின் ஈரம் வற்றி, தாய்க் கிராபிஷ் உள்ளேயே மடிந்தன. 2024-இன் தொடக்கத்தில் வயல்களில் கூடு வைத்தவர்கள் வெறுங்கூட்டையே எடுக்க நேர்ந்தது. விலை மிக உயர்ந்தது. மார்ச் மாதத்தில் ராஜ்யத்தின் கவர்னர் இதனை ஆபத்து நிலையாக அறிவித்தார். கோடையில் கண்ணுக்குத் தெரியாத வளையே அடுத்த ஆண்டின் விதை என்பதும், அறுவடை முடிந்த வரப்பையும் ஈரம் வற்றாமல் காக்க வேண்டும் என்பதும் அப்பொழுது யாவருக்கும் விளங்கின.

பிற நாடுகளில் விளைந்தது

சொந்த நாட்டில் செல்வமாயிருக்கும் பிராணி, அயல் நாட்டில் சத்துருவாகலாம். 1927-இல் ஜப்பானியர் தவளைகளுக்குத் தீனியாகச் சிவப்புக் கிராபிஷைத் தருவித்தனர். அது ஓடைகளிலும் நெல் வயல்களிலும் பரவிற்று. 2023-இல் அதனை விற்பதையும் நீர்நிலைகளில் விடுவதையும் அந்நாட்டுச் சர்க்கார் தடை செய்தது. 1973-ஐ ஒட்டி ஸ்பெயினில் கொணரப்பட்டது, குவாதல்கிவிர் ஆற்றின் நெல் வயல்களில் பெருகி, கால்வாய்க் கரைகளைத் துளைத்தது. இளம் நாற்றுக்களைத் தின்றது. அமெரிக்கக் கிராபிஷ் சுமந்து வந்த பூசண நோயினால் ஐரோப்பாவின் சொந்தக் கிராபிஷ் இனங்கள் பல இடங்களில் அழிந்தன. 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இதனைத் தடுக்கப்பட்ட உயிரினங்களின் ஜாபிதாவில் சேர்த்துள்ளது. சீனாவிலோ, ஜப்பான் வழியாகச் சென்ற இதே பிராணி, நெடுங்காலம் கரை துளைக்கும் பீடையாகக் கருதப்பட்டு, பின்னர் காரமான விருந்துணவாகி, ஹூபே முதலிய மாகாணங்களின் நெல் வயல்களில் வளர்க்கப்பட்டு வருகிறது. இன்று உலகில் மிகுதியாக விளைவிக்கும் நாடு அதுவே.

குடியானவரும் கிராம அதிகாரிகளும் அறிய வேண்டியவை

இவ்வரலாற்றைப் படிப்போர், நம் வயலிலும் கிராபிஷை விட்டால் என்ன என்று எண்ணக்கூடும். அது செய்யத்தகாதது. இந்தியாவில் கிராபிஷ் இயற்கையாக இல்லை. வயல் நண்டின் வளையால் வரப்பு ஒழுகுவதையே தாங்க இயலாத மெல்லிய வரப்புகளில், அதனினும் பெரிதாய்ப் பெருகும் ஒன்றை வலிந்து கொணர்தல் கேடு தரும். அயல் நாட்டு நீர்ப்பிராணிகளை அரசாங்க அனுமதியின்றிக் கொணர்வதோ குளங்களில் விடுவதோ கூடாது. அலங்காரத் தொட்டிகளுக்காக விற்கப்படுவனவும் இதில் அடங்கும். அவ்வாறு எவரேனும் ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டதாகத் தெரிந்தால், கிராம அதிகாரிகள் தாமதமின்றி மீன்வள இலாகாவுக்கு அறிவித்தல் கடமை.

எடுத்துக்கொள்ள வேண்டியது பிராணியை அன்று, முறையை. இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. கேரளத்தின் எர்ணாகுளத்தை அடுத்த உவர்நிலங்களில் பொக்காளி என்னும் நெல் ஜூன் முதல் அக்டோபர் வரை விளையும். அறுவடைக்குப் பின் கடல் ஏற்றத்துடன் வரும் இறாற்குஞ்சுகளை மதகு வழியே உள்ளே விட்டு ஏப்ரல் வரை வளர்ப்பர். நெல்லின் தாள் இறாலுக்கு உணவாகும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும். லூயிசியானாவில் நிகழ்வதும் இதே தத்துவம்.

ஆகவே நெல் வயலில் இரண்டாம் மகசூலாக மீனையோ வேறொன்றையோ கருதுவோர் முதலில் பின்வரும் கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

1. அப்பொருளைத் தம் ஊராரும் அண்டை நகரத்தாரும் இப்பொழுதே விரும்பி உண்கின்றனரா? உண்ணும் வழக்கமில்லாத பொருளுக்குச் சந்தை உண்டாக்குதல் ஒருவரால் ஆகாது.

2. அது விளையும் மாதமும், மிகுதியாக விலையாகும் மாதமும் ஒன்றா?

3. நெல் வேண்டாத காலத்தில் வயலுக்கு நீர் நிச்சயமாகக் கிடைக்குமா? கடைமடைப் பாத்தியதையுள்ளவர்களுக்கு அதனால் குறை நேருமா? இவ்விஷயத்தில் கிராமத்தார் கூடி முன்னரே முடிவு செய்துகொள்ளுதல் பின்னர் வரும் வழக்குகளைத் தவிர்க்கும்.

4. வரப்பு அந்நீரைத் தாங்குமா?

5. தம் வயலிலும், மேல்மடை வயல்களிலும் இடும் மருந்து யாது? நீரில் வாழும் உயிருக்கு அதனால் தீங்கில்லை என்று இலாகா அதிகாரிகளிடம் கேட்டறிந்தாயிற்றா?

6. ஓராண்டு வறட்சியால் இரண்டாம் மகசூல் முழுதும் போயினும், நெல்லின் வருமானத்தால் குடும்பம் நிற்குமா?

இவற்றுள் கடைசிக் கேள்வியே முதன்மையானது. லூயிசியானாவில் நெல்லின் விலை குறைந்த ஆண்டில் கிராபிஷும், கிராபிஷ் தவறிய ஆண்டில் நெல்லும் விவசாயியைத் தாங்கின. நெல்லைக் கைவிட்டுக் கிராபிஷையே நம்பியிருந்தவர்கள் 2024-இல் அடைந்த நஷ்டத்துக்கு மாற்றில்லை. இரண்டாம் மகசூல் முதல் மகசூலுக்குத் துணையாக இருக்கும் வரையில் அது செல்வம். முதல் மகசூலின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்போது நிலம் மீண்டும் ஒற்றைக்காலில் நிற்கும்.